காட்டில் கனரக வண்டி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மாதவரம், மணலி, பூந்தமல்லி பக்கம் யார்டு வைத்திருப்பவர்களுக்கு மர வேலை இரண்டு திசையிலிருந்து வரும். ஒன்று ஊருக்குள்ளேயே. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்ததும் கிண்டிக் காடு, வண்டலூர் பூங்கா, ஐஐடி வளாகம், அடையாறு தியசாபிகல் சொசைட்டி தோட்டம் என்று போன இடமெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் அதே ஓட்டம்தான். இன்னொன்று வெளியூர் வேலை: ஈசிஆர் ஓரச் சவுக்குத் தோப்பு, ஜவ்வாது மலை, ஏலகிரி, சில சமயம் நீலகிரியில் சீகை மரம் எடுப்பது வரை.

இரண்டுக்கும் போவது ஒரே வண்டிகள். 20 டன் பொக்லைன் (டிராக் என்னும் இரும்புச் சங்கிலிப் பட்டையில் ஓடும் தோண்டும் இயந்திரம்), டயரில் ஓடும் ஜேசிபி, ஹைட்ரா (டயரில் ஓடும் கிரேன்), வின்ச் (ரோப்பைச் சுற்றி இழுக்கும் கருவி) வைத்த டிராக்டர், இவற்றை ஏற்றிப்போக லோபெட் (தாழ்ந்த தளமுள்ள) டிரெய்லர். காட்டுக்கென்றே செய்த இயந்திரங்கள் பின்லாந்திலும் சுவீடனிலும் கனடாவிலும் ஓடுகின்றன. நம்மிடம் இருப்பவை கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் வாங்கியவை. அதனால் காட்டில் நின்றுபோகும் வண்டியில் பாதிக்கு மேல் கோளாறு வண்டியிலேயே இருக்காது, அடியில் உள்ள மண்ணில் இருக்கும். ஆபரேட்டர் மட்டும் அதை எஞ்சினில் தேடிக்கொண்டிருப்பார்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: ஆக்சிலேட்டரை விடுங்கள், பக்கெட்டைத் தரையில் வையுங்கள், இறங்கி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். கேபினில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்கும் காரணம் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

"இன்னும் கொஞ்சம் குடுங்கண்ணா, வந்துரும்" என்று கீழே நிற்கும் ஹெல்பர் சொல்வார். வராது. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் குழிதான் ஆழமாகும். மண் என்ன மண் என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் மணலுக்குச் செய்வதைக் களிமண்ணில் செய்தால் நிலைமை மோசமாகும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் தொடங்கி ஈசிஆர் முழுக்க மணல். மணலில் சிக்கினால் ஸ்டியரிங்கை நேராக்குங்கள். டயர் காற்றைக் குறையுங்கள். டயர் தட்டையாகி மண்ணோடு தொடும் பரப்பு கூடும். லோடு இல்லாத வண்டியாக இருந்தால் வழக்கமான காற்றில் பாதி வரை இறக்கலாம், ஆனால் வெளியே வந்ததும் திரும்ப அடிக்காமல் தார் ரோட்டில் ஏற்றக் கூடாது. சவுக்குத் தோப்பில் மோட்டார் பம்பு இருந்தால் தடத்தில் தண்ணீர் விடச் சொல்லுங்கள். ஈர மணல் இறுகும், காய்ந்த மணல் ஓடும்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் களிமண். அங்கே தண்ணீர் எதிரி. களிமண் சக்கரத்தை அடியிலிருந்து உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியை உடைக்காமல் இழுத்தால் கொக்கியோ ஆக்சிலோதான் போகும். சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்வெட்டியால் சரிவாக வெட்டி, அடிக்குள் காற்று போகும்படி கடப்பாறையால் குத்திவிடுங்கள். பிறகு வந்த வழியிலேயே பின்னால் எடுங்கள். முன்னால் போகத்தான் எல்லோருக்கும் ஆசை, ஆனால் ஒருமுறை தாங்கிய தரை பின்னால்தான் இருக்கிறது.

பரங்கிமலை, நன்மங்கலம் பக்கம் கதை வேறு. மேலே மெல்லிய செம்மண், அடியில் பாறை. மழை பெய்தால் மேல்மண் குழம்பாகி வழுக்கும், வண்டி புதைவதில்லை. இங்கே கட்டையெல்லாம் அடுக்க வேண்டாம். பக்கெட்டால் மேல்மண்ணை வழித்துவிட்டாலே பிடிப்பு வரும்.

இழுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் எவ்வளவு இழுவை வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். ராணுவ மீட்புப் பணியில் புழங்கும் எளிய அளவு ஒன்று உண்டு: டயர் அளவுக்குப் புதைந்தால் வண்டியின் எடைக்குச் சமமான இழுவை, மட்கார்டு அளவுக்குப் புதைந்தால் இரண்டு மடங்கு, அதற்கும் மேலே போனால் மூன்று மடங்கு. 8 டன் ஜேசிபி மட்கார்டு வரை இறங்கினால் 16 டன். மேட்டில் இழுப்பதானால் ஒவ்வொரு சதவீதச் சரிவுக்கும் டன்னுக்கு 10 கிலோ சேரும். இந்தக் கணக்கு தெரிந்தவர் ஒற்றை டிராக்டரைக் கட்டி இழுக்க மாட்டார்; முதலில் மண்வெட்டியை எடுப்பார். மட்கார்டிலிருந்து டயர் அளவுக்கு வெட்டி இறக்கினாலே பாதி இழுவை மிச்சம்.

பொக்லைன் தானாகவே வெளியே வரும், நிதானம் இருந்தால். பூமுக்கும் (வண்டியோடு இணைந்த பெரிய கை) ஆர்முக்கும் (பக்கெட் மாட்டிய முன்கை) நடுவே 90 முதல் 110 பாகை இருக்கும்படி மடக்கி, பக்கெட்டின் அடிப்பாகத்தை (பல்லை அல்ல) தரையில் ஊன்றி ஒரு பக்க டிராக்கைத் தூக்குங்கள். அந்த இடைவெளியில் கட்டைகளைத் திணியுங்கள். அடுத்த பக்கமும் அப்படியே. மர வேலையில் கட்டைக்கா பஞ்சம்? திணிப்பவர் கையோ தலையோ டிராக்கின் அடியில் போகக் கூடாது. நீளக் கட்டையை வெளியிலிருந்து தள்ளி விடுங்கள்.

பொக்லைன் போன தடத்திலேயே லாரி புதைகிறது

"அவ்வளவு பெரிய மெஷினே போச்சு, லாரி போகாதா?" என்று கேட்காத மேஸ்திரி இல்லை. கணக்குப் பார்த்தால் விளங்கிவிடும். 20 டன் பொக்லைனின் டிராக் ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் அகலம், தரையில் படும் நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். இரண்டு டிராக்குக்கும் சேர்த்து எடையைப் பங்கிட்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ அளவில்தான் வரும். ஒற்றைக் காலில் நிற்கும் ஆளின் பாதமே அதற்கு ஒட்டி வரும். லாரி டயர் தரையை அழுத்தும் அழுத்தமோ ஏறக்குறைய டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம்தான்: சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோவுக்கு மேல். எடை குறைவாக இருந்தும் லாரிதான் மண்ணைக் கிழிக்கிறது.

எனவே லாரி வர வேண்டிய தடத்தை லாரிக்கென்று சோதிக்க வேண்டும். 12 எம்எம் கம்பியை இரு கையாலும் அழுத்திப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு லேசாக இறங்கினால் லாரியைக் கொண்டுவராதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் கட்டைப் பாதை போடுங்கள். முதலில் குழையும் கிளையும் நெருக்கமாக, அதன் மேல் கை அகலத்துக்குக் குறையாத சவுக்குக் கழிகளைப் பாதைக்குக் குறுக்காக, ஒன்றோடு ஒன்று ஒட்டி அடுக்குங்கள். நீளவாக்கில் போட்ட கழி டயருக்கடியில் விலகிவிடும். அடுக்கின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு நீளக் கழியை வைத்துக் கம்பியால் கட்டினால் பத்து லாரி போனாலும் குலையாது.

ஊருக்குள் இதே கோளாறுக்கு இன்னொரு முகம் உண்டு. தெரு ஓரம் உறுதியாகத் தெரியும், அடியில் மழைநீர் வடிகால் மூடி இருக்கும். புயல் மறுநாள் சருகும் சேறும் மூடிக் கிடக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஆளை முன்னால் நடக்கவிட்டுக் கடப்பாறையால் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். வெற்றுச் சத்தம் கேட்ட இடத்தில் வண்டியை ஏற்றாதீர்கள்.

சரிவில் வண்டி பக்கவாட்டில் வழுக்குகிறது

சரிவில் குறுக்காக ஓட்டினால் இது வரும். சரிவை நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள், குறுக்கே போகாதீர்கள். இயந்திரத்தின் கையேட்டில் 35 பாகை ஏறும் என்று போட்டிருக்கும். அது காய்ந்த, கெட்டியான தரைக்குச் சொன்னது. சருகு மூடிய ஈரச் சரிவில் அதில் பாதியே அதிகம்.

பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் முன்னால் நீட்டி வையுங்கள். வழுக்கத் தொடங்கினால் உடனே ஊன்றலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் ஸ்ப்ராக்கெட் (டிராக்கை ஓட்டும் பல்சக்கரம்) பின்னால், ஐட்லர் (மறுமுனையில் சும்மா சுற்றும் சக்கரம்) முன்னால். ஸ்ப்ராக்கெட்டைக் கீழ்ப்பக்கம் வைத்து இறங்கினால் டிராக் தளர்ந்து பல் தாவும். சரிவின் நடுவில் திரும்பவே கூடாது. திரும்ப வேண்டுமென்றால் கீழே இறங்கி, சமதளத்தில் திரும்பி, மறுபடி ஏறுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும்.

தைல மரத் தோப்பில் இன்னும் கவனம். பட்டையும் இலையும் உதிர்ந்து மெத்தை மாதிரி கிடக்கும், டிராக் ஷூவின் பல்லுக்கு மண் எட்டவே எட்டாது. பக்கெட்டால் ஒரு தடம் வழித்துவிட்டுப் பிறகு ஏறுங்கள்.

டிராக் செயின் கழன்றுவிட்டது, அல்லது கழலப் போகிற மாதிரி டக் டக் என்று சத்தம்

சத்தம் கேட்டவுடன் நிறுத்தினால் அரை மணி நேர வேலை. கழன்ற பிறகு அரை நாள்.

மூன்று காரணங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, ஸ்ப்ராக்கெட்டுக்குள் மரத்துண்டோ கல்லோ சிக்கியிருக்கும். அந்தப் பக்கத்தைப் பக்கெட் ஊன்றித் தூக்கி, டிராக்கைக் காற்றில் முன்னும் பின்னும் மெதுவாகச் சுற்றவிட்டால் பெரும்பாலும் தானே விழுந்துவிடும். இரண்டு, டிராக் தளர்ந்திருக்கும். கிரீஸ் கன் வைத்து, டிராக்கை இறுக்கும் அட்ஜஸ்டரில் கிரீஸ் ஏற்றி, கையேட்டில் சொன்ன தொய்வுக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாவதுதான் பலரும் விட்டுவிடுவது: டிராக் அளவுக்கு மீறி இறுகியிருக்கும். பள்ளிக்கரணைக் களிமண்ணில் ஓடும்போது மண் ஸ்ப்ராக்கெட் பல்லுக்கு நடுவே அடைந்து அப்பி, டிராக்கை இழுத்து முறுக்கும். அந்த நிலத்துக்குக் கெட்டித் தரையில் வைப்பதைவிடக் கொஞ்சம் தொய்வாகவே வைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது மண்ணைச் சுரண்டிவிடுங்கள். சாயங்காலம் காய்ந்த பிறகு உளி வைத்துத்தான் எடுக்க முடியும்.

தளர்த்தும்போது கிரீஸ் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் பயங்கர அழுத்தத்தில் இருக்கிறது, வால்வு தெறித்தால் ஆளைக் கொல்லும். முகத்தை அதற்கு நேராக வைக்காமல், பக்கவாட்டில் நின்று மெதுவாகத் திருப்புங்கள்.

வின்ச் இழுக்கிறது, மரம் வரவில்லை. அல்லது வயர் ரோப் சிக்கல்

இதில்தான் ஆள் சேதம் அதிகம், எனவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இழுவை போதவில்லை என்றால் முதலில் ரோப் சுற்றியிருக்கும் டிரம்மைப் பாருங்கள். வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் டன் கணக்கு, டிரம்மில் ஒரே ஒரு அடுக்கு ரோப் இருக்கும்போது கிடைப்பது. அடுக்கு ஏற ஏற டிரம்மின் விட்டம் பெரிதாகி இழுவை குறையும். மேல் அடுக்கில் நின்று இழுத்துக்கொண்டு "மெஷினுக்கு தெம்பு இல்ல" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ரோப்பை நீளமாக வெளியே எடுத்து, தூரத்தில் ஒரு கப்பி கட்டி, ரோப்பைத் திருப்பிக் கொண்டுவந்து மரத்தில் மாட்டுங்கள். ஆனால் கப்பி எதற்காக என்பதில் தெளிவு வேண்டும். நகரும் மரத்தில் கப்பியைக் கட்டி, ரோப்பின் முனையை நிலையான இடத்தில் கட்டினால்தான் இழுவை இரட்டிக்கும். நிலையான இடத்தில் கட்டிய கப்பி திசையை மட்டுமே மாற்றும். இழுவை கூடாது, ஆனால் ரோப் முழுசாகத் திரும்பி வந்தால் அந்தக் கட்டின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கு.

எதில் கட்டுவது? உயிருள்ள பெரிய மரத்தின் அடித்தண்டில், தரையை ஒட்டி, அகலமான பெல்ட் போட்டு. ரோப்பை நேராகச் சுற்றினால் பட்டை உரிந்து மரம் பட்டுப்போகும். வனக் காப்பாளர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. புயல் அடித்த இடத்தில் நின்றிருக்கும் மரத்தையும் நம்பாதீர்கள். தண்டு நேராக நிற்கும், காற்றில் ஆடி ஆடி வேர் அறுந்திருக்கும். அடிமரத்தைச் சுற்றி மண்ணில் பிறை மாதிரி வெடிப்பு தெரிந்தால் அது உங்கள் இழுப்புக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். நம்பும் மரம் கிடைக்காவிட்டால் இடுப்பளவுக் குழி வெட்டி, ஒரு கனத்த கட்டையைக் குறுக்காகப் புதைத்து அதில் கட்டுங்கள். இழுவை போகும் திசைக்கு மட்டும் சின்னதாக ஒரு சரிவு வாய்க்கால் விடுங்கள்.

ரோப்பைச் சோதிக்கக் கண் போதாது. பழைய கோணித் துணியை ரோப்பின் மேல் பிடித்து ஓடவிடுங்கள். கம்பி அறுந்த இடத்தில் நூல் மாட்டும். மாட்டிய இடத்தில் நின்று எண்ணுங்கள். ஒரு புரி (கம்பிகள் சேர்ந்த ஒரு முறுக்கு) ரோப்பை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றிவர எடுக்கும் நீளத்துக்குள் ஆறு கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ ரோப்பை மாற்றுங்கள். ஒருமுறை முடிச்சு விழுந்து நசுங்கிய ரோப்பை நேராக்கிப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால், அந்த ரோப்பின் பக்கத்தில் அவரை நிற்கச் சொல்லுங்கள்.

ரோப்பின் முனையை மடித்துக் கட்டும் யூ கிளாம்ப் போடுவதில் ஒரு பழக்கப் பிழை. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று அழகுக்காக மாற்றி மாற்றி போடுகிறார்கள். எல்லாக் கிளாம்பின் சேணமும் (யூ வளைவுக்கு எதிரே இருக்கும் அடிக்கட்டை) பாரம் தாங்கும் ரோப்பின் மேல்தான் உட்கார வேண்டும். யூ வளைவு, மீதி முனையின் மேல். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் ரோப்பை வளைவு கடித்துவிடும். 12 எம்எம் ரோப்புக்குக் குறைந்தது மூன்று கிளாம்ப், இடைவெளி ரோப் விட்டத்தைப் போல ஆறு மடங்கு. ஒருமுறை பாரம் ஏற்றிய பிறகு மறுபடி முறுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும்.

டிரம்மில் ரோப் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து சிக்கினால், பாரமில்லாமல் சுற்றியதுதான் காரணம். முழு ரோப்பையும் வெளியே எடுத்து, மறு முனையில் லேசான இழுவை கொடுத்து, திரும்ப வரிசையாகச் சுற்றுங்கள். அவசரத்தில் கையால் தள்ளி வரிசைப்படுத்தாதீர்கள், விரல் போய்விடும்.

இழுக்கும்போது ரோப் ஓடும் நீளத்தின் இரு பக்கமும் ஆள் நிற்கக் கூடாது, கப்பியின் வளைவுக்கு உட்பக்கம் நிற்கவே கூடாது. ரோப்பின் நடுவில் ஒரு கனத்த சாக்கையோ ஈரக் கம்பளியையோ தொங்கவிட்டால் அறுந்தாலும் வீச்சு குறையும்.

டிராக்டரின் முன்சக்கரம் தூக்குகிறது

கொக்கி போட்ட இடம் உயரம். பின் ஆக்சில் மையத்துக்கு மேலே எங்கே கட்டி இழுத்தாலும், மரம் வேரிலோ கல்லிலோ முட்டி நின்ற நொடியில் டிராக்டர் பின்னால் குட்டிக்கரணம் போடும். ஓட்டுபவருக்குக் கிளட்ச் மிதிக்க நேரம் கிடைக்காது. பின்னால் தாழ்ந்திருக்கும் இழுவைக் கம்பியில் (டிராபார்) மட்டும் கட்டுங்கள். மரத்தின் முன் நுனியைக் கூராகச் செதுக்கிவிட்டால் முட்டுவதே குறையும்.

ஹைட்ராவின் பின்சக்கரம் தூக்குகிறது

புயல் வேலையில் சென்னைத் தெருக்களில் அதிகம் கேட்கும் புகார் இது. "14 டன் ஹைட்ரா, மரம் மூணு டன்னு கூட வராது, ஏன் தூக்குது?" மூன்று இடத்தில் விடை தேடுங்கள்.

முதலாவது, மரத்தின் எடையே தப்பு. மரக்கடைக் கணக்கில் சுற்றளவைக் கால் பங்காக்கி, அதைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். வியாபாரத்துக்குச் சரி, தூக்குவதற்குத் தப்பு. அந்தக் கணக்கு மரத்தின் உண்மையான கன அளவில் 78.5 சதவீதத்தைத்தான் காட்டும். அறுவையில் போகும் கழிவை முன்கூட்டியே கழித்த கணக்கு அது. 2.4 மீட்டர் சுற்றளவு, 6 மீட்டர் நீளமுள்ள தூங்குமூஞ்சித் தண்டு மரக்கடைக் கணக்கில் 2.16 கன மீட்டர், உண்மையில் 2.75. பச்சை மரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள், சவுக்கு அதற்கும் மேலே போகும். கிளை, வேர், வேரோடு வந்த மண் எல்லாம் தனி. வேர்மண்ணை உதிர்க்காமல் தூக்கவே தூக்காதீர்கள்.

இரண்டாவது, 14 டன் என்பது பூம் முழுக்க உள்ளே இருந்து, பாரம் வண்டியின் மூக்கை ஒட்டி இருக்கும்போது மட்டும். பூமை நீட்டினால் இரண்டு மூன்று டன்னுக்குக்கூட இறங்கிவிடும். கேபினில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். ஒட்டியிருக்கவில்லை என்றால் ஒட்டுங்கள்.

மூன்றாவது, ஹைட்ரா இடுப்பில் மடங்கித் திரும்பும் வண்டி. நேராக நிற்கும்போது தாங்கிய பாரத்தைத் திரும்பும்போது தாங்காது. மரத்தைத் தூக்கியபடி சந்துக்குள் திரும்பும்போதுதான் பெரும்பாலும் சாய்கிறது. நேராகத் தூக்கி, நேராகப் பின்னால் எடுத்து, பாரத்தைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி, மறுபடி தூக்குங்கள். தூக்கும் பெல்ட்டை இரண்டு காலாகப் போட்டால் கால்கள் படுக்கையாக விரியக் கூடாது. கிடைமட்டத்திலிருந்து 30 பாகைக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு காலும் முழுப் பாரத்தையும் சுமக்கும்.

பூம் உயரும் முன் மேலே பாருங்கள். அறுந்து தொங்கும் மின்கம்பியில் கரன்ட் இல்லை என்று தெருக்காரர் சொன்னால் போதாது. வீட்டு ஜெனரேட்டரிலிருந்தும் கம்பிக்குள் மின்சாரம் திரும்பி வரலாம். மின்வாரிய ஆள் வந்து எர்த் போட்ட பிறகுதான் தொட வேண்டும்.

கொண்டை ஊசி வளைவில் டிரெய்லர் நிற்கிறது

ஏலகிரியில் 14 வளைவு, ஏற்காட்டில் 20, கொல்லிமலையில் 70. நீள லோபெட் கொல்லிமலைக்கு ஏறாது, அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். 20 டன் பொக்லைனை அடிவாரத்தில் இறக்கி, ஓட்டியே ஏற்றலாம் என்பதும் நல்ல யோசனை இல்லை: மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்கில் ஓடினால் டிராக்கை ஓட்டும் டிராவல் மோட்டாரும் அடியில் உருளும் ரோலரும் சூட்டில் வீணாகும், தார் ரோடும் நாசம். 7, 8 டன் பொக்லைனைப் பத்துச் சக்கர லாரியில் ஏற்றிப்போங்கள். வேலை மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

வளைவில் டிரெய்லரின் வயிறு தட்டி நின்றுவிட்டால் முன்னால் இழுக்காதீர்கள். வயிற்றுக்கு அடியில் இல்லை, சக்கரம் ஏற வேண்டிய இடத்தில் ஸ்லீப்பர் கட்டைகளைச் சரிவாக அடுக்கி உயரம் கொடுங்கள். இழுவண்டியின் சக்கரம் சுற்றினால் பின் ஆக்சிலின் மேல் போதிய எடை இல்லை என்று பொருள். ஏற்றியபோதே பொக்லைனைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்தியிருக்க வேண்டும். ஏற்றும் சரிவுப் பலகை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது, பலகையின் மேல் வண்டியைத் திருப்பக் கூடாது.

இறங்கும்போது பிரேக்கிலிருந்து கருகல் வாசம் வந்தால் அடுத்த அகலமான இடத்தில் ஒதுங்கி நின்று, டயருக்குக் கட்டை போட்டு ஆறவிடுங்கள். பிரேக் டிரம்மின் மேல் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட்டுவிடும். வாசம் வந்ததற்குக் காரணம் கியர்: எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே, அல்லது அதற்கும் கீழே இறங்க வேண்டும்.

வண்டி நன்றாக ஓடுகிறது, செக்போஸ்ட்டில் நிற்கிறது

சாலையில் வண்டியின் அகல வரம்பு 2.6 மீட்டர், 20 டன் பொக்லைன் அதைத் தாண்டும், எனவே தனி அனுமதி தேவை. மலைப்பகுதியில் மரம் வெட்டுவது 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். வெட்டிய மரத்தைக் கொண்டுவர 1968 விதிகளின்படி வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். மரம் யாருடையது, எத்தனை என்று சீட்டில் இருப்பதும் லாரியில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று ஏற்றும் முன் நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். யானை நடமாடும் பாதையாக இருந்தால் வனத்துறை சொல்லும் நேரத்துக்குள் வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். இருட்டிய பிறகு பழுது பார்க்க உட்காராதீர்கள்.

எஞ்சின் சூடு காட்டும் முள் ஏறுகிறது

ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள வலையைக் கழற்றிப் பாருங்கள். சவுக்குத் தோப்பில் வேலை செய்தால் அந்த மெல்லிய ஊசி இலை துடுப்புகளுக்கு நடுவே பாய் பின்னியது போல் அடைந்திருக்கும். காற்று அடிக்கும்போது விசிறிப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள். மாற்றி அடித்தால் இன்னும் உள்ளே போகும். சைலன்சர், டர்போ பக்கம் சேர்ந்த சருகையும் அள்ளிவிடுங்கள், தீ அங்கிருந்துதான் பிடிக்கும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 பாகை அளவிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் வாஷர் போயிருந்தால் சமவெளியில் தெரியாத கோளாறு அங்கே தெரியும். மூடி விலை கம்மி, மாற்றிவிடுங்கள். சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள்.

ஹோஸில் மெல்லிய கசிவு

கையால் தடவிப் பார்க்காதீர்கள். பொக்லைன் ஹைட்ராலிக்கில் 300 பாருக்கு மேல் அழுத்தம். ஊசி முனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளி மட்டும் தெரியும். அட்டையை நீட்டிப் பாருங்கள். எண்ணெய் தோலுக்குள் போய்விட்டால் வலி இல்லையென்றாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி. சில மணி நேரம் தாமதித்தால் விரலோ கையோ போகும்.

யார்டுக்குத் திரும்பிய பிறகு டிராவல் மோட்டார் பக்கம் எண்ணெய்க் கறை

டிராக்கின் உள்பக்கம், ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வேலிக் கம்பி, நைலான் கயிறு, கொடி ஏதாவது சுற்றிக்கொண்டு, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீலை வெட்டியிருக்கும். புயல் வேலையில் கேபிள் டிவி ஒயர் கூட இப்படிச் சுற்றியிருக்கும். கத்தியால் சீலை நோக்கிக் குத்தாமல் வெளிப்பக்கமாக அறுத்து எடுங்கள், பிறகு கியர் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்து, பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அந்த வண்டியை அடுத்த வேலைக்கு அனுப்பாமல் சீலை மாற்றுங்கள். கறை மட்டும் இருந்து அளவு சரியாக இருந்தால் துடைத்துவிட்டு இரண்டு நாள் கவனியுங்கள். டிராக்கைக் கழுவும் வேலையைக் காட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துவிட்டால் இந்தக் கறை அங்கேயே தெரிந்திருக்கும். உண்ணிச்செடி, பார்த்தீனியம் விதை ஒரு காட்டு மண்ணோடு இன்னொரு காட்டுக்குப் போவதும் நிற்கும்.